11 அடி சுவத்துக்கு எத்தனை இன்ச் ஸ்க்ரீன்? கடைல 150 போடச் சொல்றாங்க

வில்லாபுரம்_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி ரூமை ஹோம் தியேட்டரா மாத்திட்டு இருக்கேன், பெயிண்ட் வயரிங் எல்லாம் முடிஞ்சு ஸ்க்ரீன் சைஸ்ல வந்து நிக்குது. ரூம் 11 அடி அகலம், 15 அடி நீளம், உயரம் 10 அடி. ஸ்க்ரீன் வர்றது அந்த 11 அடி சுவத்துல. சோபாவ பின் சுவத்து ஓரமா போட்டா உக்கார்ற ஆள் கண்ணுக்கும் ஸ்க்ரீனுக்கும் 12 அடி இருக்கு. புரொஜெக்டர் வாங்கியாச்சு, ஃபுல் எச்டி, வெளிச்சம் 700 ஆன்சி லூமென்ஸ், த்ரோ ரேஷியோ 1.2, ஜூம் கிடையாது. டவுன்ல ஒரு கடைல விசாரிச்சா 150 இன்ச்சே போடுங்க, காசு வித்தியாசம் கம்மிதான், சின்னதா போட்டா பின்னாடி வருத்தப்படுவீங்கங்கிறாய்ங்க. மச்சான் 120 போதும்ங்கிறான். இதுல இன்னொன்னு, அப்பா அம்மா ரெண்டு பேரும் சோபால உக்கார மாட்டாங்க, முன்னாடி பாய் விரிச்சு தரையிலதான், அது ஸ்க்ரீன்ல இருந்து 8 அடி. அப்பா அந்தக் காலத்துல மதுரை தங்கம் தியேட்டர்ல படம் பாத்து வளந்த ஆளு, இப்ப முட்டி வலி, தியேட்டர் படி ஏற முடியல, அவருக்காகத்தான் இந்த ரூமே. பாதி நேரம் சினிமா, பாதி நேரம் கிரிக்கெட். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்கண்ணே.

திருமங்கலத்தான்:
மச்சான் சொல்றதுதான் ப்ரோ. 120 போடுங்க. நம்ம வீட்ல அதான் ஓடுது, அதுக்குக் கீழ இறங்குனா டிவிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அகலம் 8 அடி 9 இன்ச் வரும், உங்க சுவத்துல தாராளமா உக்காரும்.

ஆனையூர்_ஒலிஒளி:
தம்பி, சுவத்தை அளந்து ஸ்க்ரீன் வாங்காதீங்க. உக்கார்ற இடத்தை அளந்து வாங்கணும், அப்புறம் வெளிச்சத்தை. இந்த வேலைதான் நான் பாக்குறேன், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

150 இன்ச்ங்கிறது மூலைக்கு மூலை அளவு. 16:9 ஸ்க்ரீன்ல, அதாவது அகலம் 16 பங்குன்னா உயரம் 9 பங்கு, அகலம் வேணும்னா அதை 0.87ஆல பெருக்கிக்கங்க, உயரத்துக்கு 0.49. அப்படின்னா 150க்கு அகலம் மட்டும் 10 அடி 11 இன்ச். உங்க சுவரே 11 அடிதான், ஃப்ரேம் எங்கிட்டு வரும், ரெண்டு பக்கம் ஸ்பீக்கர எங்க வைப்பீங்க? அது முதல் விஷயம். 

ரெண்டாவது, தூரம். பார்வைக் கோணம்னு ஒரு கணக்கு இருக்கு, 30 டிகிரிக்கு மேல படம் கண்ணுல விழுந்தாத்தான் தியேட்டர் மாதிரி இருக்கும், 40 வரைக்கும் படத்துக்குள்ளயே உக்காந்த மாதிரி இருக்கும், அதுக்கு மேல போனா மேட்ச்ல ஸ்கோர் பாக்கவே தலைய திருப்பணும். இதைச் சுளுவா போடணும்னா கண்ணுல இருந்து ஸ்க்ரீனுக்கு இருக்க தூரத்தை இன்ச்சுல எடுத்து 1.6ஆல வகுத்தா சின்ன சைஸ், 1.2ஆல வகுத்தா பெரிய சைஸ். உங்களுக்கு 12 அடி, அதாவது 144 இன்ச், 90ல இருந்து 120 வரைக்கும் வருது. மச்சான் சொன்ன 120 சோபாக்கு சரிதான், மேல் வரம்புல நிக்குது. ஆனா பாய்ல 8 அடில இருக்கவங்களுக்கு அதே கணக்கு 80தான் சொல்லுது, அதனால பாய முடிஞ்ச அளவு சோபாகிட்ட தள்ளிப் போடுங்க, 9 அடி வந்தாலே நல்லது.

மூணாவதுதான் நிறைய பேர் பாக்காம விட்டுர்றது, வெளிச்சம். 700 ஆன்சிங்கிறது நல்ல விஷயம், சில டப்பால வெறும் லூமென்ஸ்னு 9000, 12000னு போட்டுருப்பாய்ங்க, அதை நம்பி ஒன்னும் கணக்குப் போட முடியாது, ஆன்சின்னா திரையை 9 கட்டமா பிரிச்சு அளந்து சராசரி எடுக்குற முறை. ஆனா அந்த 700 பிரைட் மோடுல வர்றது, அதுல கலர் பச்சையடிச்சுக் கிடக்கும். சினிமா மோடுக்கு வந்தீங்கன்னா 450 கிடைக்கும்னு வச்சுக்கங்க. அதை ஸ்க்ரீனோட சதுர அடியால வகுத்தா புட் லாம்பர்ட் வரும், ஸ்க்ரீன் எவ்வளவு பளிச்சுன்னு தெரியும்ங்கிற அளவு அது. டிஜிட்டல் தியேட்டருக்கு வச்சுருக்க அளவு 14. 100 இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 30 சதுர அடி, உங்களுக்கு 15 கிடைக்குது. 110க்கு 36 சதுர அடி, 12.5. 120க்கு பத்தரை. 150க்கு 67 சதுர அடி ஆகுது, 7கூட வராது. அதே வெளிச்சத்தை இழுத்து இழுத்துப் பரப்புறோம், சாம்பார்ல தண்ணி ஊத்துன மாதிரி ஆயிரும். ராத்திரி சீனெல்லாம் சாம்பலா தெரியும், அப்பா பக்கத்துல இருக்கவர்கிட்ட அது யாருன்னு கேட்டுட்டே இருப்பாரு.

அதனால 100 இல்லாட்டி 110. எது வாங்குறதுக்கு முன்னாடியும் புரொஜெக்டர ஒரு ஸ்டூல் மேல வச்சு வெறும் சுவத்துலயே அடிச்சு, ரெண்டு சைஸுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு முழுப் படமும் ஒரு முழு மேட்சும் வீட்ல எல்லாரையும் உக்கார வச்சுப் பாருங்க. பத்து நிமிசம் பாத்தா எல்லாருக்கும் பெருசுதான் பிடிக்கும், ரெண்டரை மணி நேரம் பாத்தாத்தான் கண்ணும் கழுத்தும் பதில் சொல்லும்.

ஆமா, ரூம்ல சீலிங் ஃபேன் எங்க தொங்குது?

மேலூர்_டீச்சர்:
தம்பி, ஆனையூர் சார் சொன்னதோட ஒன்னே ஒன்னு சேத்துக்கங்க. எங்க ஸ்கூல்ல ஸ்மார்ட் கிளாஸ் ஸ்க்ரீன் உசரத்துல மாட்டி, தரையில உக்கார்ற சின்னப் பிள்ளைக பூராம் அண்ணாந்து பாத்து கழுத்து வலிக்குதுன்னு சொல்லும், அதை இறக்கி மாட்டுன பிறகுதான் பிள்ளைக ஒழுங்கா கவனிச்சுச்சு. சோபால உக்காந்தா கண் தரையில இருந்து மூணேகால் அடில இருக்கும், பாய்ல உக்காந்தா ரெண்டரை அடிதான். உங்க அப்பா அம்மாவுக்குத்தான் ரூம்னா அவங்க கண்ணை வச்சுத்தான் உசரம் முடிவு பண்ணணும். ஸ்க்ரீனோட அடி விளிம்பு தரையில இருந்து 2 அடில இருக்கட்டும். 110 போட்டா மேல் விளிம்பு ஆறரை அடில முடியும். 150னா 8 அடிய தாண்டும், 8 அடி தூரத்துல தரையில உக்காந்து அதை அண்ணாந்து பாக்குறது வயசானவங்களுக்குப் பெரிய கஷ்டம். அவங்க முதுகுக்குச் சாய ஒரு திண்டு போட்டுருங்க.

வில்லாபுரம்_வாசி:
ரொம்ப நன்றிண்ணே, நன்றி டீச்சர். உசரத்தைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. ஃபேன் ரூமுக்கு நட்ட நடுவுல இருக்குண்ணே, 48 இன்ச் ஃபேன், றெக்கை தரையில இருந்து எட்டே முக்கால் அடில சுத்துது. ஏசி இருக்கு, ஆனா அப்பாவுக்கு ஏசி ஆகாது, ஃபேன் வேணும்.

ஆனையூர்_ஒலிஒளி:
அதான் கேட்டேன். நடுன்னா ஸ்க்ரீன்ல இருந்து ஏழரை அடி, றெக்கை ரெண்டு பக்கமும் 2 அடி, ஆக அஞ்சரைல இருந்து ஒன்பதரை அடி வரைக்கும் ஃபேனோட இடம். இப்ப த்ரோவ பாருங்க. 1.2ன்னா அகலத்தைப் போல 1.2 மடங்கு தூரத்துல லென்ஸ் இருக்கணும். 100 இன்ச்சுக்கு 8 அடி 9 இன்ச், கரெக்டா ஃபேனுக்கு அடில வந்து நிக்கும். 110க்கு 9 அடி 7 இன்ச், றெக்கைய இப்பத்தான் தாண்டுது. அப்ப 110ன்னு முடிவு பண்ணிக்கங்க, வேற யோசனை வேண்டாம். பைப்ப இறக்கி லென்ஸ் 7 அடில வர்ற மாதிரி மாட்டுங்க, லைட் றெக்கைக்குக் கீழயே போயிரும், யார் தலையும் இடிக்காது. கீஸ்டோன்னு கோணலான படத்தை நேராக்குற செட்டிங் ஒன்னு இருக்கும், அதைப் போட்டு படத்தை இழுக்காதீங்க, ஃபுல் எச்டில இருக்க 1920க்கு 1080 புள்ளில கொஞ்சம் வீணாப் போயிரும், மாட்டும்போதே நேரா மாட்டணும். 

சுருட்டுற ஸ்க்ரீன் வேண்டாம், ஃபேன் காத்துக்கு அலை அடிக்கும், மேட்ச்ல பிட்ச் நெளியும். கருப்பு வெல்வெட் பார்டர் வச்ச ஃபிக்ஸட் ஃப்ரேம், மேட் வைட், கெயின், அதாவது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற அளவு, 1.0 இல்லாட்டி 1.1.

திருமங்கலத்தான்:
ஃபேன் கணக்கு நம்ம மண்டைல ஏறவே இல்லண்ணே, சூப்பர். 110 சரியாத்தான் வருது. ப்ரோ, சினிமாஸ்கோப் படம் 16:9ஐ விட அகலம், அதுல மேலயும் கீழயும் 7 இன்ச் கிட்ட கருப்புப் பட்டை வரும், அதுக்காக ஸ்க்ரீன மாத்திறாதீங்க, கிரிக்கெட்டுக்கு 16:9தான்.

வில்லாபுரம்_வாசி:
110ஐயே போட்டுர்றேன். கடைசியா ஒன்னு, இப்போதைக்கு ஸ்க்ரீன் வாங்காம சுவத்துலயே ஓட்டலாமா? தீபாவளி வரைக்கும் கை கொஞ்சம் இறுக்கம்.

ஆனையூர்_ஒலிஒளி:
தாராளமா ஓட்டலாம் தம்பி. நல்லா பட்டி பாத்து, எமெரி தேச்சு, பளபளப்பு இல்லாத மேட் வெள்ளை எமல்ஷன் ரெண்டு கோட்டு அடிங்க, 8 அடிக்கு நாலரை அடி, சுத்தி மூணு இன்ச்சுக்கு மேட் கருப்பு பார்டர். மிச்சச் சுவரும் அந்தப் பக்கத்துச் சீலிங்கும் அடர்த்தியான கலரா இருக்கட்டும், வெள்ளைச் சீலிங் வெளிச்சத்தைத் திருப்பி ஸ்க்ரீன் மேலயே அடிக்கும். மிச்சமாகுற காசுல ஜன்னலுக்குக் கெட்டியான திரை வாங்கிருங்க, பகல்ல மேட்ச் பாக்க அதான் முதல்ல வேணும்.