உபரி 22.7%, பற்றாக்குறை 4%: ஒரே சிமுலேஷனில் இரண்டும் எப்படி?

பகல்வெயில் (கேள்வி)

நண்பர்களே, மின்வாரியக் கம்பி எட்டாத ஓர் இடத்துக்கு, சோலாரும் பேட்டரியும் மட்டும் கொண்ட மைக்ரோகிரிட்டை (தனித்து இயங்கும் சிறு மின்வலை) ஹோமர் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன். ஜெனரேட்டர் கிடையாது. பேனல் 60 கிலோவாட், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 120 யூனிட் (20 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி வைத்திருக்கிறேன்), இன்வெர்ட்டர் 20 கிலோவாட். பேனலும் பேட்டரியும் டிசி பக்கம், லோடு முழுக்க ஏசி பக்கம். லோடு சராசரியாக ஒரு நாளைக்கு 180 யூனிட்.

ஓர் ஆண்டுக்கான முடிவு:

சோலார் உற்பத்தி: 90,000 யூனிட்
மொத்தத் தேவை: 65,700
கொடுக்க முடிந்தது: 63,072
நிறைவேறாத லோடு: 2,628 (4%)
உபரி: 20,386 (22.7%)
திறன் பற்றாக்குறை: 5.8%
பேட்டரியிலிருந்து வெளியே வந்தது: 29,000

இருபதாயிரம் யூனிட் வீணாகும்போது எப்படி மின்சாரம் போதாமல் போகிறது? அதோடு, கொடுத்ததையும் உபரியையும் கூட்டினால் 83,458தான் வருகிறது. மீதி 6,542 எங்கே? பேட்டரியை 240 யூனிட்டாக இரட்டிப்பாக்கியும் பார்த்துவிட்டேன், பற்றாக்குறை 3.1 சதவீதத்துக்கு மட்டுமே இறங்கியது. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது.

டிசிபஸ்

கோளாறு இல்லை. முதலில் அந்த 6,542ஐ முடித்துவிடலாம். இன்வெர்ட்டர் திறன் 95 சதவீதம் என்றும், பேட்டரியின் ஏற்றி இறக்கும் திறன் 90 சதவீதம் என்றும் கொடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 63,072 யூனிட் ஏசியாக வெளியே வர டிசி பக்கம் 66,392 வேண்டும், இழப்பு 3,320. பேட்டரி 29,000 கொடுக்க 32,222 உள்ளே போயிருக்க வேண்டும், இழப்பு 3,222. கூட்டிப் பாருங்கள், சரியாக 6,542. கணக்கு நேராகிவிட்டது. யாருடைய சிமுலேஷனைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான். இது நேராகவில்லை என்றால் மற்ற எண்களைப் படிப்பதே வீண்.

உபரிக்கு வருவோம். ஆண்டுக் கூட்டுத்தொகை நேரத்தை மறைத்துவிடும். காலை பதினொன்றுக்கே பேட்டரி நிரம்பிவிட்டால் அதன் பிறகு பேனல் தருவதெல்லாம் உபரி. பற்றாக்குறை வருவதோ ராத்திரியில். இரண்டும் ஒரே நாளில்கூட நடக்கும். ஜெனரேட்டர் இல்லாத அமைப்பில் பேனலை மோசமான மாதத்துக்கு ஏற்றபடிதான் போட வேண்டியிருக்கும். நல்ல மாதங்களில் மிஞ்சத்தான் செய்யும். 22.7% என்னைப் பொறுத்தவரை பயப்படும் எண் இல்லை.

மேகமூட்டம்

பேட்டரி இன்னும் போதவில்லை, அவ்வளவுதான். 360 யூனிட் வைத்து ஓட்டுங்கள்.

டிசிபஸ்

அவசரப்படாதீர்கள். இரட்டிப்பாக்கியும் பற்றாக்குறையில் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே நிற்கிறது என்றால், அது பேட்டரியின் கொள்ளளவு சம்பந்தப்பட்டதே இல்லை. குடம் எவ்வளவு பெரிதானாலும் வாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் அதே வேகத்தில்தான் கொட்டும். இங்கே வாய் என்பது இன்வெர்ட்டர்.

பகல்வெயில், பழைய 120 யூனிட் ஓட்டத்தின் 8,760 மணி நேரத் தரவையும் எக்செலில் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைவேறாத லோடு பூஜ்யத்துக்கு மேல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டி, அந்த மணி நேரங்களில் பேட்டரி சார்ஜ் எவ்வளவு என்று பாருங்கள். 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் ஆற்றல் தீர்ந்துபோன மணி நேரம். 50, 60 என்று நின்றால் ஆற்றல் இருந்தும் வெளியே தர முடியாத மணி நேரம். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆண்டு அறிக்கையோ இரண்டையும் ஒரே 4 சதவீதத்தில் கலந்து கொடுக்கிறது.

திறன் பற்றாக்குறை கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், அதில் லோடோடு சேர்த்து நீங்கள் கேட்ட கையிருப்புத் திறனும் (திடீர் ஏற்றத்தைச் சமாளிக்கத் தயாராக வைக்கும் கூடுதல் திறன்) கணக்காவது. கையிருப்பு குறைந்த மணி நேரத்தில் விளக்கு அணைந்திருக்க வேண்டும் என்றில்லை.

பகல்வெயில்

வடிகட்டிப் பார்த்தேன். 2,628இல் 1,980 யூனிட், சார்ஜ் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே விடுபட்டிருக்கிறது! எல்லாம் மாலை 6 முதல் 9 வரை, லோடு 21 முதல் 25 கிலோவாட். மீதி 648தான் பேட்டரி அடிமட்டத்தைத் தொட்ட இரவுகள். நான் கொடுத்த லோடு வளைவின் உச்சமே 19தானே, 25 எங்கிருந்து வந்தது?

டிசிபஸ்

லோடு பக்கத்தில் சீரற்ற ஏற்றத்தாழ்வு என்று இரண்டு சதவீதங்கள் இருக்கும், நாளுக்கு நாள் ஒன்று, மணிக்கு மணி ஒன்று. உங்கள் 19ஐச் சில நாட்களில் 25 ஆக்குவது அதுதான். அதைப் பூஜ்யமாக்கிப் பற்றாக்குறையை மறையவைக்கும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள். நிஜ லோடு அதைவிடக் கரடுமுரடாக இருக்கும். ஒரு மணி நேரச் சராசரி 18 என்றாலும், நடுவே மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும் நிமிடத்தில் 25ஐத் தாண்டலாம். மணி நேரச் சிமுலேஷனுக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்று. லோடு 24, இன்வெர்ட்டர் 20 என்றால் மென்பொருள் 4 மட்டும் நிறைவேறவில்லை என்று எழுதும். நிஜத்தில் இன்வெர்ட்டர் மிகைச்சுமையைக் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு டிரிப் ஆகும். போவது 4 கிலோவாட் இல்லை, மொத்த 24ம். லோடைப் பிரித்துத் துண்டிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் உங்கள் 4% நிஜத்தைவிட ரொம்பக் குறைவான எண்.

மேகமூட்டம்

சரி, மாலைக்கதை புரிந்தது. ஆனால் அந்த 648ஐயும் விடாதீர்கள். வெயில் தரவு எங்கிருந்து எடுத்தீர்கள்? மாத சராசரி மட்டும் கொடுத்து மணி நேரத் தரவை மென்பொருளே உருவாக்கியிருந்தால், தொடர்ந்து நான்கைந்து நாள் மேகம் நிற்பது அதில் சரியாக வராமல் போகலாம். மாதிரி ஆண்டுத் தரவும் அப்படித்தான், வெவ்வேறு ஆண்டுகளின் வழக்கமான மாதங்களை ஒட்டவைத்தது. பிவிஜிஐஎஸ் என்ற இணையச் சூரிய ஒளித் தரவுத்தளத்தில் நிஜ ஆண்டுகளின் மணி நேரத் தரவு கிடைக்கும். சில ஆண்டுகளைத் தனித்தனியாக ஓட்டி மோசமானதைப் பாருங்கள். அதன் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் போட்டால் நண்பகல் உச்சம் காலைக்கோ மாலைக்கோ நகர்ந்துவிடும்.

பகல்வெயில்

மாத சராசரிதான் கொடுத்திருந்தேன், நிஜ ஆண்டுகளை இனிமேல்தான் ஓட்ட வேண்டும். அதற்கு முன் பேட்டரியை 120லேயே விட்டு, இன்வெர்ட்டரை மட்டும் 30 ஆக்கினேன். பற்றாக்குறை 854 யூனிட், அதாவது 1.3%. ஆனால் 648 மட்டும் மிஞ்சும் என்று நினைத்தேனே?

டிசிபஸ்

மாலையில் முன்பு தடுக்கப்பட்ட யூனிட்டுகள் இப்போது பேட்டரியிலிருந்து வெளியேறுகின்றன. அதனால் அது சில இரவுகளில் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. தண்ணீர் பம்பு மாதிரி தள்ளிப்போடக்கூடிய லோடு ஏதாவது மாலையில் இருந்தால் நண்பகலுக்கு நகர்த்துங்கள். உபரியும் குறையும், இந்த 854ம் குறையும்.

இன்வெர்ட்டரை வாங்குமுன் பேட்டரியின் தொடர் டிஸ்சார்ஜ் வரம்பைப் பாருங்கள். ஏசி பக்கம் 30 கிலோவாட் வேண்டுமானால் டிசி பக்கம் 31.6 வர வேண்டும். 120 யூனிட் பேட்டரிக்கு 0.5சி (மணிக்குக் கொள்ளளவில் பாதி) அனுமதி என்றால் 60 கிலோவாட், பிரச்சினையே இல்லை. 0.25சி என்றால் 30தான், இன்வெர்ட்டர் கேட்டாலும் பேட்டரி தராது. சிமுலேஷனில் அந்த வரம்புக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறீர்கள்?

பகல்வெயில்

அதைத் தொடவே இல்லை, ஏற்கெனவே இருந்த மதிப்பேதான். தயாரிப்பாளரின் தாளைப் பார்த்துப் போட்டு, நிஜ ஆண்டுகளையும் ஓட்டிவிட்டு எண்களைப் பதிகிறேன்.