ஒரே கட்டுரைக்கு 68உம் 44உம்: எது சரியான புள்ளி?

சீனன்குடா:
போன கிழமை இரண்டாம் வருட மாணவி ஒருத்தியின் கட்டுரையை நானும் எங்களோடு படிப்பிக்கிற ஒரு சேரும் தனித்தனியாகத் திருத்தினோம். தலைப்பு, திருகோணமலைத் துறைமுகத்தால் யாருக்கு லாபம். நான் 68 போட்டேன், அவர் 44. கூட்டி இரண்டால் பிரித்து 56 என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்விட்டார். அந்த 56 யாருடைய தீர்ப்பு? கருத்துக்கு இத்தனை, ஒழுங்குக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை என்று புள்ளித்திட்டத்தை முதலே எழுதி மாணவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

உப்புவெளி வாத்தியார்:
தம்பி, அவர் ஏன் 44 போட்டார் என்று கேட்டீரா?

சீனன்குடா:
கேட்டேன் சேர். துறைமுகத்தை நாலு இடத்தில் "துரைமுகம்" என்று எழுதியிருக்கிறாள். நாலையும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார், மூன்றாம் பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பக்கத்தில்தான் அவள், 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டதையும் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை 1957இல்தான் விட்டுப் போனதையும் சொல்லி, கொழும்புக்கு 1948இல் வந்த சுதந்திரம் திருமலைக்கு ஒன்பது வருடம் பிந்தி வந்தது என்று எழுதியிருந்தாள். இப்படி ஒரு வரி இறுதி வருடத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

கோட்டை வாசல் மான்:
1957 வரைக்கும் துரைமார் முகம் பார்த்த இடம்தானே, அதில் என்ன பிழை?

உப்புவெளி வாத்தியார்:
பகிடி இருக்கட்டும். நாளைக்கு இந்தப் பிள்ளைதான் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் படிப்பிக்கப் போகிறது, ர, ற பிழையை இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது? பிறகு உங்கள் புள்ளித்திட்டம். ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) ரியூசனில் நடப்பது அதுதானே: முன்னுரைக்கு ஒரு குறள், ஆறு உபதலைப்பு, முடிவுரைக்கு இன்னொரு குறள். நீர் மெச்சுகிற அந்த ஒன்பது வருட வரிக்கு எந்தப் பெட்டியில் புள்ளி போடுவீர்?

நிலாவெளி ரோட்:
மாணவி நான், சொல்லலாமா? யார் திருத்தப் போகிறார் என்று விசாரித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவோம். ஒரு மிஸ்ஸுக்கு மேற்கோள் நிறைய வேண்டும், ஒரு சேருக்குக் கையெழுத்து வடிவாக இருந்தால் போதும். எங்கள் புள்ளித்திட்டம் அதுதான்.

சீனன்குடா:
இது எங்கள் ஊர் வருத்தம் மட்டும் இல்லை தங்கச்சி. 1961இல் அமெரிக்காவில் பால் டீடரிக்கும் கூட்டாளிகளும், கல்லூரி முதலாம் வருட மாணவரின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகளுக்கு ஒன்பது தரமும் விழுந்தது! திருத்தியவர்களில் ஒரு கூட்டம் கருத்தைப் பார்த்தது, ஒரு கூட்டம் பிழையைப் பார்த்தது. எங்கள் சேரும் நானும் அந்த இரண்டு கட்சி.

உப்புவெளி வாத்தியார்:
அதையேதான் நானும் சொல்கிறேன், ஆளுக்காள் கண் வேறு, பெட்டி கீறிக் கண்ணை மாற்ற முடியாது. நான் ஏ/எல் திருத்தப் போன காலத்தில் திட்டம் கையில் இருந்தும், ஒரே விடைத்தாளை எல்லாரும் திருத்தி, நீ ஏன் 12 நான் ஏன் 7 என்று சண்டை பிடித்துத்தான் தொடங்கினோம். நீங்கள் இருவரும் கூட்டிப் பிரித்த நேரத்தில் அரை மணித்தியாலம் சண்டை பிடித்திருக்க வேண்டும்.

சீனன்குடா:
சண்டை பிடிக்கவும் ஒரு காகிதம் வேண்டும் சேர். அவர் சிரேஷ்ட விரிவுரையாளர், நான் தற்காலிகம். எழுதி வைத்த திட்டம் இல்லாவிட்டால் மூத்தவர் சொன்னதுதான் புள்ளி.

உப்புவெளி வாத்தியார்:
ம். அதை நான் யோசிக்கவில்லை. பெயரை மறைத்து அந்தக் கட்டுரையை எனக்கு அனுப்பும், உம்முடைய திட்டத்தையும் சேர்த்து. திருத்திப் பார்க்கிறேன். ஆனால் துரைமுகத்துக்கு வெட்டுவேன், இப்பவே சொல்லிவிட்டேன்.

நிலாவெளி ரோட்:
நாலு இடத்துக்கு நாலா சேர், ஒரே பிழைக்கு ஒன்றா?