அப்பாரும் ரத்தம் உறையாத மாத்திரையும்: எட்டு வருட அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்க

கோபி பேத்தி

எங்கள் அப்பாருக்கு இப்போது 79 வயது. கோபிக்குப் பக்கம் தோட்டத்துச் சாளையில்தான் இன்னும் இருக்கிறார். 2017 ஐப்பசியில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள கோழி றெக்கை அடிக்கற மாதிரி இருக்குது சாமி" என்றார். ஈசிஜி எடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வந்தது. இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. அதனால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்காம்.

ரத்தம் கட்டாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை ஆரம்பித்தார்கள். தினமும் பொழுதோட ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை ஈரோடு போய் ஐஎன்ஆர் பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண். அந்த எண் 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2க்குக் கீழே போனால் ரத்தம் கட்டும், மேலே ஏற ஏற ரத்தக்கசிவு பயம். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனால் மத்தியானம் ஆகிவிடும் வீடு திரும்ப. 2020 ஊரடங்கில் பஸ் நின்றபோது இரண்டரை மாதம் பரிசோதனையே இல்லை. அந்த நாட்களில் அப்பாரு கையை நீட்டி நீட்டி, எங்காவது நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் கீரை. முதலில் பார்த்த இடத்தில் "கீரையே தொடக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாளை வாசலிலேயே முருங்கை நிற்கிறது. கம்மஞ்சோற்றுக்குக் கீரைக் கடைசல் இல்லாமல் அவர் சாப்பிட்டதே கிடையாது. இரண்டு வருடம் வாயைக் கட்டினார். நோம்பிக்கு ஒரம்பரை வந்து எல்லோரும் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் எழுந்து போய்விடுவார். அப்புறம் வேறொரு டாக்டர்தான் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார்: கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, மாத்திரை அதற்கு எதிராகத்தான் வேலை செய்கிறது, அதனால் ஒரு வாரம் சட்டி நிறைய, மறு வாரம் துளிகூட இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் எண்ணைக் குலைக்கும். வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவு சாப்பிடுங்கள், அதற்கேற்ப மாத்திரையை நான் வைத்துக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாரு செய்த முதல் வேலை, தொரட்டி எடுத்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 2022இல் வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டார். ஒரே வாரத்தில் பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. ஐஎன்ஆர் 6.8. இரண்டு மாத்திரையும் ஒன்றாகப் போனால் இப்படி ஏறும் என்பது எங்களுக்குத் தெரியாது. கடையில் நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துச் சரி செய்தார்கள்.

அதற்குப் பிறகு அபிக்சபன் என்ற புது வகை மாத்திரைக்கு மாற்றினார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. ஐஎன்ஆர் கிடையாது, கீரைக்குக் கணக்குக் கிடையாது. எங்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அப்பாருவிடம் "இப்ப திருப்திதானுங்களே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஊசி குத்தறது நின்னது நல்லதுதான். ஆனா முன்ன மாசாமாசம் ஒருத்தரு பார்த்து, சரியா இருக்குதுன்னு ஒரு நெம்பர் சொல்லுவாங்க. இப்ப யாரு சொல்றா?" என்றார். இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

திருப்பூர் செக்கிங் அக்கா

உங்க அப்பாரு சொன்னது எனக்கு அப்படியே புரிகிறதுங்க. எனக்கு 46 வயது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிவிட்டது. 2014இல் உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி அமைதியாக இருந்தால் அதன் டிக் டிக் சத்தம் எனக்கே கேட்கும். துடிப்புக் கோளாறும் கூடவே இருக்கிறது.

போன வருடம் எங்கள் லைனில் இருக்கும் ஒருத்தர், "இன்னும் பழைய மாத்திரையா போடற? புதுசு வந்திருக்குது, ரத்தமே குத்த வேண்டாம்" என்று சொல்லி மனதைக் கலைத்துவிட்டார். டாக்டரிடம் சண்டை போடாத குறையாகக் கேட்டேன். அவர் தெளிவாகச் சொன்னார்: உலோக வால்வுக்குப் புது மாத்திரைகள் கூடாது, ருமாட்டிக்கால் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் பழையதுதான். 2022இல் வந்த இன்விக்டஸ் என்ற பெரிய ஆய்விலும் ருமாட்டிக் இதய நோயோடு துடிப்புக் கோளாறும் இருந்தவர்களில் ரிவரோக்சபன் என்ற புது மாத்திரை எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை (அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரை) எடுத்தவர்களுக்கே உயிரிழப்பு குறைவாக இருந்ததாம். அதனால் எங்களைப் போன்றவர்கள் பக்கத்து வீட்டைப் பார்த்து மாற்றக் கூடாது, தயவு செய்து.

எனக்கு எண் 2.5இலிருந்து 3.5க்குள் இருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டுப் போட்டு ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். பரிசோதனைக்கு அரை நாள் சம்பளம் போகிறது, அது கஷ்டம்தான். ஆனால் நோட்டைத் திறந்தால் பதினொரு வருடம் வரிசையாகத் தெரிகிறது. எனக்குத் திருப்தி என்றால் அந்த நோட்டுதான்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

நான் வீட்டாருக்காகப் பேசவில்லை, நானே போடுகிறவன். வயது 63, ரிவரோக்சபன், தினம் ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்டு அதோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆறு மாதம் காலையில் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் விலைதான் நெஞ்சடைக்க வைத்தது. 2020 கடைசியில் காப்புரிமை முடிந்து நம் ஊர்க் கம்பெனிகள் நிறையப் பேர் தயாரிக்க ஆரம்பித்த பிறகு நன்றாகக் குறைந்துவிட்டது.

தோப்பில் வேலை என்றால் அருவாளும் மட்டையும்தான். ஒருமுறை கை கிழிந்து, துண்டை வைத்து அழுத்திப் பிடித்து வெகு நேரம் கழித்துத்தான் நின்றது. சம்சாரம் அழுதுவிட்டாள். அந்தப் பயத்தில், எனக்குத்தான் உடம்பில் ஒன்றும் செய்யவில்லையே என்று நானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டேன். பத்தாவதோ பதினோராவதோ நாள் காலையில் டீ குடிக்கிறேன், டீ ஒரு பக்கம் வழிகிறது. பேச்சு குழறுகிறது, வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. பையன் 108ஐக் கூப்பிட்டு, கோவை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. "இது எச்சரிக்கையோட போச்சுங்க, அடுத்தது இப்படிப் போகாது" என்றார்கள். இந்த வகை மாத்திரை ஒரு நாளிலேயே உடம்பை விட்டுப் போய்விடுமாம். ஒரு வேளை விட்டாலும் பாதுகாப்பு விட்டுப்போகும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே மாத்திரை இருக்கும். தோப்பில் கையுறை போடுகிறேன். மரம் ஏறுவதை விட்டுவிட்டேன், அது மட்டும் வருத்தம்.

பல்லடம் விசைத்தறி

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். பல் டாக்டர் இந்த மாத்திரையை "ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்கிறார். தெரிந்தவர் ஒருவர் அதற்குப் பதில் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்கிறார். பொள்ளாச்சி ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கை நடுங்குகிறது. என்ன செய்வது?

பெருந்துறை நர்ஸ்

பல்லடம் தம்பி, நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் டாக்டர் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு இதய டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தாமலே, இல்லையென்றால் ஒரு வேளையை மட்டும் தள்ளி வைத்து முடித்துவிடுவார்கள். ஆஸ்பிரின் இதற்கு மாற்று கிடையாது. இந்த வகைக் கட்டியைத் தடுப்பதில் அது ரொம்பப் பின்தங்கியது, ரத்தக்கசிவு ஆபத்து மட்டும் அதிலும் உண்டு.

நான் பதினாறு வருடமாக வார்டில் இருக்கிறேன். ஒரு பாட்டியை மறக்கவே முடியாது. புது வகையில் இன்னொன்றான டாபிகட்ரான் கேப்சூல் போடுகிறவர். விழுங்கச் சிரமம் என்று உடைத்து, உள்ளே இருக்கும் மணிகளைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறார். உடைத்தால் உடம்பில் சேரும் அளவு தாறுமாறாக ஏறும். உள்ளே ரத்தம் கசிந்து, மலம் கறுத்துப் போய் வந்து சேர்ந்தார். மீதிக் கேப்சூல்களை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். ஈரம் பட்டால் அதற்கு வீரியம் போய்விடும். "ஏனுங் ஆத்தா இப்படி?" என்று கேட்டால், "யாராச்சும் சொன்னாத்தானே கண்ணு தெரியும்" என்றார். அவர்மேல் என்ன தப்பு?

இந்த மருந்துகளில் நோயாளிக்குத் திருப்தி எப்படி என்று அளக்க ஆக்ட்ஸ் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. பாரம் பற்றி 12 கேள்வி, பலன் பற்றி 3. அதில் உள்ளதைப் போலவே நான் வார்டில் வாய்ப்பேச்சாகக் கேட்டுப் பார்ப்பேன். பாரம் பக்கம் எல்லோரும் மடமடவென்று சொல்வார்கள்: ஊசி, பத்தியம், நீலம், செலவு, ஊருக்குப் போனால் மறதி. பலன் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பிரஷர் மாத்திரை என்றால் அளந்து காட்டலாம், வலி மாத்திரை என்றால் வலி குறையும். இதில் வராமல் போன பக்கவாதத்தை எப்படிக் காட்டுவது? அதைச் சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிஷம் வேண்டும். கூட்டத்தில் அந்தப் பத்து நிமிஷம் கிடைப்பதில்லை. எனக்கு அதுதான் மனதை அறுக்கிற விஷயம்.

கோபி பாப்பா, உங்க அப்பாருக்கும் பார்ப்பதற்கு எண் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், எடை பார்க்கச் சொல்லுங்கள். வயது 80, எடை 60 கிலோவும் அதற்குக் கீழும், கிரியேட்டினின் 1.5உம் அதற்கு மேலும்: இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் அபிக்சபன் அளவைப் பாதியாக்குவார்கள். அவருக்கு அடுத்த வருடம் 80 ஆகிறதே.

கோபி பேத்தி

நர்ஸம்மா, அவர் 57 கிலோதானுங்க. இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நேற்றே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம், கிரியேட்டினின் 1.1. டாக்டரிடம் கேட்டதற்கு, 80 முடிந்ததும் வந்து அளவை மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து எல்லோர் எழுதியதையும் அப்பாருக்கு வாசித்துக் காட்டினேன். பொள்ளாச்சி ஐயாவின் டீ டம்ளர் வந்தபோது "அடடா" என்று தன் வலது கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். 1.1 என்பதைக் காலண்டரில் அவரே எழுதி வைத்திருக்கிறார். தூங்கப் போகும்போது கேட்டார்: "அந்தத் திருப்பூர் அம்மணிக்கு இந்த மாசம் எவ்வளவுன்னு கேளு சாமி."

திருப்பூர் செக்கிங் அக்கா

2.8ங்க. அப்பாருகிட்டச் சொல்லிடுங்க.