மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் பூனை, என்ன நோயாக இருக்கும்?

மூன்றாம்மாடி:
எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கடுவன் பூனை இருக்கிறான். மீன்காரம்மா குரல் கேட்டாலே முதல் ஆளாக வந்து நிற்பவன், இரண்டு நாளாக நெத்திலியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வாயோரம் எச்சில் வடிகிறது, மூக்கில் சளி, இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கத்திலிருந்து வெள்ளைச் சவ்வு பாதிவரை ஏறியிருக்கிறது. உடம்பை நக்குவதையே விட்டுவிட்டான், முடியெல்லாம் திரிதிரியாக நிற்கிறது. வெறிநோய் என்கிறார் கீழ்வீட்டுக்காரர், பாதி பாராசிட்டமால் கொடு என்கிறார் இன்னொருவர். சென்னைதான். என்ன செய்யலாம்?

கருவாட்டுவாசம்:
பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்! பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, பாதி மாத்திரைகூட உயிரைக் குடித்துவிடும். நீங்கள் சொல்வது பூனைச் சளிக்காய்ச்சல் மாதிரி இருக்கிறது. ஹெர்பிஸ், கலிசி என்ற வைரஸ்களால் வருவது, மனிதர்களுக்கு ஒட்டாது. மூக்கு அடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாமல் பூனை சாப்பிடாது. ஆனால் தேடி வந்துவிட்டுத் திரும்புகிறான் என்றால் பசி இருக்கிறது, நாக்கிலோ ஈறிலோ புண் இருக்கலாம், எச்சிலும் அதனால்தான் வடியும். அந்தச் சவ்வு மூன்றாவது இமை. ஒரு கண்ணில் மட்டும் ஏறினால் அந்தக் கண்ணில் அடிபட்டிருக்கலாம், இரண்டிலும் ஏறினால் பெரும்பாலும் உடம்பே சோர்ந்திருக்கிறது. மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, கூழாக மசித்து வெதுவெதுப்பாக வையுங்கள். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வேறு சேர்ந்துகொள்ளும்.

தெருவிளக்கு:
கீழ்வீட்டுக்காரரைச் சும்மா ஒதுக்கவும் முடியாது. குரல் மாறியிருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, தாடை தொங்குகிறதா, காரணமில்லாமல் பாய்கிறானா? ஒன்று இருந்தாலும் கிட்டப் போகாதீர்கள். எச்சிலை வெறுங்கையால் துடைக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

பழையசோறு:
கடுவன் என்பதால் கேட்கிறேன், சிறுநீர் போகிறானா? மண்ணில் திரும்பத் திரும்பக் குந்தி, கத்தி, சொட்டுக்கூட வரவில்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைப்பு. அதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை.

மூன்றாம்மாடி:
சிறுநீர் போகிறான், செடித்தொட்டியே நாறுகிறது. பாய்வதெல்லாம் இல்லை, நடையும் சரிதான், கூப்பிட்டால் பழைய குரலில்தான் பதில் சொல்கிறான். வாயும் நாறுகிறது.

கருவாட்டுவாசம்:
அப்போ வாய்ப்புண்ணாகத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டு நாள் பட்டினி பூனைக்கு அதிகம், இன்னும் நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து கெட்டுவிடும். நாளைக் காலையிலேயே வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கனமான துண்டைப் போட்டு மூடி, துண்டோடு அள்ளி, மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் வையுங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், ஆட்டோவிலேயே கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

தெருவிளக்கு:
உங்கள் குடியிருப்பில் வேறு பூனைகள் இருந்தால் இவனுடைய தண்ணீர்க் கிண்ணத்தை இன்றைக்கே தனியாக எடுத்துவிடுங்கள், குட்டிகளுக்கு ஒட்டினால் தாங்காது.