கரப்பன் ஆறியும் சொறிவது நிற்கவில்லை – என்ன செய்யலாம்?

கேள்வி (கல்லடி)

என் கணவருக்குச் சிறு வயதிலிருந்தே கரப்பன், அதாவது எக்ஸிமா, உண்டு. கணுக்கால்களில் தோல் தடித்துக் கறுத்து, வரிவரியாகக் கோடு விழுந்திருக்கிறது. கிளினிக்கில் தந்த பூச்சு மருந்தைப் பூசினால் ஆறுகிறது, பிறகு திரும்பவும் வருகிறது. வேலை முடிந்து வந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிக் கதிரையில் அமர்ந்தாரென்றால், தொலைக்காட்சியில் செய்தி முடியும்வரை வலக்கை கணுக்காலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கடிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். நானும் மாமியும் மாறி மாறி “சொறியாதீர்கள்” என்று சொல்லி, வீட்டில் மனக்கசப்புத்தான் மிச்சம். கடியே இல்லாமல் சொறிவதற்கும் வைத்தியம் உண்டா?

பதில் 1 (அக்கரைப்பற்று)

தங்கச்சி, முதலில் இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய் ஆகியவற்றை அடியோடு நிறுத்துங்கள். கரப்பன் சாப்பாடு உள்ளே போகும்வரை எந்த மருந்தும் பலிக்காது.

பதில் 2 (காத்தான்குடி, தோல் நோய்ப் பிரிவில் பணியாற்றிய தாதி)

ஐயா சொல்வதை முழுதாக மறுக்க மாட்டேன். குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் இவ்வளவையும் விடச் சொன்னால், மீன் பாடும் ஊரில் அந்த மனிதர் எதைத்தான் உண்பது? சகோதரி சொல்வதைப் பார்த்தால் சிக்கல் சோற்றுக் கோப்பையில் இல்லை, கையில் இருக்கிறது.

ஆரம்பத்தில் கடித்ததால் சொறிந்த கை, நாளடைவில் காலுறை கழற்றுதல், தொலைக்காட்சி, அலுப்பு போன்ற சந்தர்ப்பங்களுக்கே பழகிவிடுகிறது. சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது, தடித்த தோல் மேலும் கடிக்கிறது. பூச்சு மருந்து அழற்சியைத்தான் அடக்கும், பழகிய கையை அடக்காது. 1973இல் அமெரிக்காவில் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர் இருவரும் தசைத் துடிப்பு, நகம் கடித்தல் போன்றவற்றுக்கென வெளியிட்ட பழக்கமாற்றுப் பயிற்சியை, 1980களில் சுவீடனில் மெலின், நொரேன் ஆகியோர் கரப்பன் நோயாளருக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பூச்சு மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, மருந்தோடு பயிற்சியும் பெற்றவர்களிடம் சொறிவது நன்றாகக் குறைந்தது.

செய்யும் முறை கடினமானதன்று. முதல் வாரம் எதையும் நிறுத்த முயலாமல், கை தோலுக்குப் போகும் ஒவ்வொரு முறையையும் அவரே எண்ண வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் திக்ர் ஓதுவதை எண்ணுவதற்கு விரலில் மாட்டும் சிறிய கவுண்டர் விற்பார்கள், அதுவே போதும். மாலையில் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத் திகைக்காதவர்கள் குறைவு. அடுத்த வாரம் முதல், கை எழுந்தவுடன் இரு கைகளையும் இறுகப் பொத்திக்கொண்டு மனதுக்குள் முப்பதுவரை எண்ண வேண்டும். அதன் பின்னும் கடித்தால் அந்த இடத்தை நகத்தால் அழுத்தலாம், இழுக்கக் கூடாது. “சொறியாதே” என்ற சொல்லை வீட்டில் எவரும் உச்சரிக்காதிருப்பதும் இதில் ஒரு பகுதியே, ஏனெனில் அது எரிச்சலை வளர்க்குமே தவிரக் கைக்கு வேறு வேலை தருவதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பூச்சு மருந்தில் ஸ்டீரோயிட் இருப்பதாகச் சொல்லி, சற்று ஆறியதும் மாமி நிறுத்தச் சொல்கிறார். தொடரலாமா?

பதில் 2 எழுதியவர்

மாமியின் பயம் விளங்குகிறது. வலிமையான ஸ்டீரோயிட்டை முகத்தில் அளவின்றிப் பூசினால் தோல் மெலியும் என்பது உண்மைதான். ஆனால் கணுக்காலில் தடித்த தோல் பார்வைக்கு ஆறிய பின்னும் உள்ளே முழுதாக ஆற நாளெடுக்கும் என்பதால், எப்போது குறைப்பது என்பதை கிளினிக் வைத்தியரிடமே கேளுங்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய மருந்து ஏறத்தாழ அரைக் கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். ஈரப்பதம் காக்கும் களிம்பை மட்டும் தாராளமாக, குளித்துத் துவட்டியவுடன் பூசச் சொல்லுங்கள். உறக்கத்தில் சொறிவதைப் பயிற்சியால் நேரடியாகத் தடுக்க முடியாது, ஆகவே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.