கையெழுத்துக்குப் பிறகு வந்த வால் வெள்ளி

குழு: மேல் டிவிசன் சொந்தங்கள்
2025 டிசம்பர் 18, வியாழக்கிழமை

கலா அத்தை (இரவு 7.41)
[பலமுறை பகிரப்பட்ட காணொளி]
எல்லோரும் இதைப் பாருங்கள். வேறு நட்சத்திரத்திலிருந்து ஒரு கல் வருகிறதாம். நாளைக்குப் பூமிக்குக் கிட்ட வருகிறதாம். புயலும் மண்சரிவும் அது இழுத்ததால்தான் என்கிறார்கள். ரவி, அம்மாவைத் தனியாக விடாதே.

ரவி சித்தப்பா (7.46)
அக்கா, இந்த வீடியோ மத்தியானமே முகாம் முழுக்கச் சுற்றிவிட்டது. அம்மா இன்னும் சாப்பிடவில்லை. பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். தர்ஷி, நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்தானே, ஏதாவது சொல்லு.

தர்ஷினி (7.52)
சித்தப்பா, அப்பாயியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். நாளைக்கு ஒன்றும் விழாது. கிட்ட என்று அவர்கள் சொல்வது 27 கோடி கிலோமீட்டர். நிலா இருக்கிற தூரத்தைப் போல 700 மடங்கு. சூரியனே நமக்கு 15 கோடி கிலோமீட்டரில்தான் இருக்கிறது. முதலில் அவரைச் சாப்பிட வையுங்கள். மிச்சத்தை எழுதுகிறேன்.

ரவி சித்தப்பா (7.55)
சரி. ரொட்டியும் சம்பலும் இருக்கிறது. கொடுக்கிறேன்.

தர்ஷினி (8.07)
அத்தை, கல் வந்தது உண்மை. 3ஐ/அட்லஸ் என்று பெயர். ஜூலை 1ஆம் திகதி சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் பிடிபட்டது. பூமியில் மோதக்கூடிய கல் ஏதாவது வருகிறதா என்று ஒவ்வோர் இரவும் தேடுவதுதான் அந்தத் தொலைநோக்கியின் வேலை. இது மோதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அக்டோபர் 3ஆம் திகதி செவ்வாய்க் கோளைத் தாண்டியது. அந்த மாத முடிவில் சூரியனைச் சுற்றியது. இப்போது வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

கவின் (8.09)
அக்கா, அது வேறு நட்சத்திரத்தினுடையது என்று எப்படித் தெரியும்? கல்லில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காதே.

தர்ஷினி (8.18)
வேகத்தை வைத்துத்தான் தம்பி. நமது சூரியனுக்குச் சொந்தமான வால் வெள்ளி தூரத்தில் மெல்ல நகரும். கிட்ட விழ விழ வேகம் எடுக்கும், சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பப் போகும். ஹாலி 76 வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறதே, அது மாதிரி. இந்தக் கல் சூரியனின் இழுப்பு மிகக் குறைவாக இருக்கிற தூரத்திலேயே நொடிக்கு 58 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு மூன்று நொடி ஆகாது. அந்த வேகத்தைச் சூரியன் கொடுத்திருக்க முடியாது, வேறு எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறது.

பாதையும் காட்டிக்கொடுக்கும். நமது வால் வெள்ளிகள் கொண்டை ஊசி வளைவில் லொறி திரும்புகிற மாதிரி சூரியனைச் சுற்றி வந்த பக்கமே திரும்பும். இதன் பாதை 20 பாகைகூட வளையவில்லை. வந்த வேகத்தில் கொஞ்சம் சாய்ந்துவிட்டுப் போகிறது. இனித் திரும்பி வராது.

கவின் (8.20)
3 என்றால் மூன்றாவதா?

தர்ஷினி (8.26)
ஆமாம். இதுவரை நாம் கண்டது மூன்றுதான். முதலாவது 2017இல் ஹவாய்த் தீவில் இருந்து கண்ட ஓமுவாமுவா. வெகு தூரத்திலிருந்து முதலில் வந்த தூதன் என்று அந்த ஊர் மொழியில் பொருள். வால் இல்லை, சில நூறு மீட்டர்தான் இருக்கும். சூரியனை விட்டு விலகும்போதுதான் கண்டார்கள். சரியாகப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

இரண்டாவதைக் கண்டவரை உனக்குப் பிடிக்கும். 2019 ஆகஸ்ட் 30, க்ரைமியாவில் கெனடி போரிசோவ் என்பவர், தானே செய்த 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் கண்டார். அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கவின் (8.27)
தானே செய்ததா!! கண்ணாடி எங்கே வாங்கினாராம்?

கவின் (8.28)
அப்புறம், யூடியூபில் இதை வேற்றுக்கிரகக் கப்பல் என்கிறார்களே.

தர்ஷினி (8.33)
வால் வெள்ளிதான் தம்பி. நவம்பர் 19ஆம் திகதி நாசா படங்களோடு சொன்னது. சூடானதும் வாயுவும் தூசியும் கக்குகிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது தண்ணீர் ஆவியை விடக் கரியமில வாயு எட்டு மடங்கு இருந்ததாம். நமது வால் வெள்ளிகளில் அப்படி இருப்பது அபூர்வம். இது நமது சூரியனைவிட வயது கூடியதாக இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள், 700 கோடி வருஷத்துக்கு மேலேகூட இருக்கலாமாம். எனக்கு இதுவே கப்பலைவிடப் பெரிய விஷயம். பூமி உண்டாகும் முன்னாலேயே உறைந்திருக்கக்கூடிய பனி, இன்றைக்கு நமது சூரியனின் சூட்டில் ஆவியாகிறது.

ரவி சித்தப்பா (8.47)
அம்மா சாப்பிட்டுவிட்டார். நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

“தர்ஷி கண்ணு, நீ படித்தவள். ஆனால் நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது பதினாலு வயது. விடியும் முன்னால் அக்கா எழுப்பினாள், தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தோம். எட்டாம் நம்பர் மலைக்கு மேலே கிழக்கு வானத்தில் விளக்குமாறு மாதிரி நீளமாக நின்றது. கங்காணி கிழவர் பார்த்துவிட்டு, இது நம்மைப் பிரிக்க வந்தது என்று சொன்னார். அப்படியே ஆனது. பாதிச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். என் அக்காவும் போனாள். வால் வெள்ளி சும்மா வராது.”

கோத்தகிரிப் பெரியப்பா (8.55)
சின்னம்மா, அம்மா சாகும்வரை இதே கதையை எங்களுக்கும் சொன்னார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது நீங்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினீர்களாம். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் வரும்வரை அம்மா யாரோடும் பேசவில்லையாம். அந்த வெள்ளி முளைக்காமல் இருந்தால் தங்கச்சியோடு இருந்திருப்பேன் என்று இங்கே தேயிலைக் காட்டில் நின்று சொல்வார்.

தர்ஷினி (9.12)
அப்பாயி, நீங்கள் பார்த்தது உண்மை. அதன் பெயர் இகேயா-செகி. ஜப்பானில் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், இரண்டு பேர் பெயரும் சேர்ந்தது. அது வேற்று ஊர்க் கல் இல்லை, நமது சூரியனுக்குச் சொந்தமானதுதான். சூரியனை உரசுகிற மாதிரி கடந்ததால் அவ்வளவு வெளிச்சம். அது கடந்த நாள் 1965 அக்டோபர் 21. நீங்கள் பார்த்தது அதற்குப் பிந்திய விடியல்களாக இருக்கும்.

ஆனால் அப்பாயி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டெல்லியில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 1964 அக்டோபர் 30. நமது சனத்தில் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று எண்ணிப் பிரித்தது அந்தக் காகிதத்தில்தான். வால் வெள்ளி வந்தது ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து.

ரவி சித்தப்பா (9.31)
வாசித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வருஷத்தை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். இப்போது சொல்கிறார்:

“அப்போ அது முளைக்கும் முன்னாலேயே எழுதி முடித்துவிட்டார்களா? அறுபது வருஷமாக அதைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன்.”

கோத்தகிரிப் பெரியப்பா (9.34)
எங்கள் அம்மாவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

தர்ஷினி (9.46)
அத்தை, கோபப்படாதீர்கள். அந்த வீடியோவைப் பார்த்து எனக்குப் பதறியது இதனால்தான். டித்வா புயல் நவம்பர் 28ஆம் திகதி வந்தது. அன்றைக்கு இந்தக் கல் இன்னும் தூரத்தில் இருந்தது. சில கிலோமீட்டர் இருக்கிற ஒரு பனிக்கட்டி அவ்வளவு தொலைவிலிருந்து நமது மலையில் ஒரு தேயிலை இலையைக்கூட அசைக்க முடியாது. மழை கொட்டியது, மண் தண்ணீரைக் குடித்துக் கனத்தது, சரிவு தாங்கவில்லை. வானத்தில் காரணம் இருக்கிறது என்று நம்பிவிட்டால் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். கல் போனதும் ஆபத்தும் போய்விட்டது என்று நாளன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதுதான் எனக்குப் பயம்.

கலா அத்தை (9.50)
கோபம் இல்லை தர்ஷி. அம்மாவை நினைத்துப் பயத்தில் அனுப்பிவிட்டேன். இங்கே அழித்துவிட்டேன். இன்னும் இரண்டு குழுவுக்கு அனுப்பியிருந்தேன், அங்கேயும் நீ எழுதியதைப் போடுகிறேன்.

ரவி சித்தப்பா (9.53)
நீ சொன்னதால் சொல்கிறேன். மேல் லயத்துக்குப் பின்னால், பலாமரத்துக்கிட்ட ஒரு வெடிப்பு இருக்கிறது. போன வாரம் விரல் போகும் அளவு. நேற்றுப் பார்த்தேன், கை போகிறது. மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணியும் கலங்கி வருகிறது.

தர்ஷினி (9.55)
சித்தப்பா, அது மண்சரிவுக்கான அடையாளம்! யாரையும் அந்தப் பக்கம் போக விடாதீர்கள். சாமான் எடுக்கக்கூட வேண்டாம். இப்போதே கிராம சேவகருக்கு அழையுங்கள், மண்சரிவைக் கவனிக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை மேல் லயத்துக்கு ஒருவரும் திரும்பக் கூடாது.

ரவி சித்தப்பா (10.11)
அழைத்துவிட்டேன். காலையில் ஆள் வரும் என்றார். மேல் லயத்து ஆறு வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

ரவி சித்தப்பா (10.14)
அம்மா பாயை விரித்துவிட்டார். ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கல் ஏன் தன் ஊரை விட்டு வந்தது?

தர்ஷினி (10.20)
தானாக வரவில்லை அப்பாயி. நட்சத்திரத்தைச் சுற்றிக் கோள்கள் உண்டாகும் காலத்தில் பெரிய கோள்கள் பக்கத்தில் வரும் சின்னதுகளை இழுத்து வீசிவிடும். அப்படி வீசப்பட்டவை இருட்டில் கோடிக்கணக்கான வருஷம் போய்க்கொண்டே இருக்கும். இதன் ஊர் எது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ரவி சித்தப்பா (10.23)
“அப்போ அதையும்தான் அனுப்பிவிட்டார்கள்” என்கிறார். எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்கிறார்.

தர்ஷினி (10.27)
கண்ணுக்குத் தெரியாது அப்பாயி, அவ்வளவு மங்கல். ஆனால் இடம் சொல்கிறேன். சிம்ம ராசிப் பக்கம், மகம் நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. விடியற்காலை நாலரை மணிக்கு மகம் உச்சிக்கு வந்துவிடும். அமாவாசை கிட்ட என்பதால் நிலா வெளிச்சமும் இருக்காது. மார்கழி பஜனைக்கு எழும்பும்போது அண்ணாந்து பாருங்கள்.

டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை

கோத்தகிரிப் பெரியப்பா (அதிகாலை 4.36)
இங்கே பனி மூட்டம். ஒன்றும் தெரியவில்லை. சின்னம்மா எழும்பிவிட்டாரா?

ரவி சித்தப்பா (4.48)
எழும்பிவிட்டார். மேகம் விலகியிருக்கிறது. பஜனைக்காரர்கள் பாடசாலை வாசலில் நிற்கிறார்கள். நான் மகத்தைக் காட்டினேன், அம்மா அதற்குப் பக்கத்தில் இருக்கிற இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சால்வை போர்த்திவிட்டேன்.

கோத்தகிரிப் பெரியப்பா (4.50)
எனக்காகவும் பார்க்கச் சொல்லு தம்பி.

ரவி சித்தப்பா (காலை 9.25)
வெடிப்பைப் பார்க்க இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நாடா வைத்து அளக்கிறார்கள். பீலிப் பாதையையும் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.