'அன்டெட்' என்பதற்குத் தமிழ்: சனிக்கிழமைக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,
வகுப்புப் பிள்ளைகளுக்காக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கித் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமை ஆட்டம். எலும்புக்கூடு, சாம்பி, வாம்பயர் என்று செத்தும் நடமாடுகிற எல்லாவற்றுக்கும் பொதுவான 'அன்டெட்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில், புண் ஆற்றும் மந்திரம் இவற்றைக் காயப்படுத்தும். காயப்படுத்தும் மந்திரம் இவற்றைத் தேற்றும். 'சாவாப் பிணம்' சரியா?

மறு:
தம்பி, இலக்கணம் சரி. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். ஆனால் குறளில் 'சாவா மருந்து' என்றால் அமிழ்தம். சாவாமை நமக்கு வரம். உங்கள் பிணங்கள் செத்தும் அடங்காதவை. 'அடங்காப் பிணம்' என்பேன்.

மறு:
ஐயா, அதனால்தான் 'சாவா' வேண்டும் என்கிறேன். சாவா மருந்து பட்டால் சாவாப் பிணம் வீழும். விதி முழுவதும் இந்த இரண்டு சொல்லில் வந்துவிடுகிறதே!

மறு:
வேதாளம் இருக்க ஏன் இந்தப் பாடு? விக்கிரமாதித்தன் கதை கேட்ட பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

மறு:
அது வடசொல். போகட்டும், பிணத்துக்குள் புகும் ஒருவகை ஆவிக்குத்தான் அந்தப் பெயர். மொத்தக் கூட்டத்துக்கும் ஆகாது. காயப்படுத்தும் மந்திரத்துக்கு 'ஊறு' என்று வையுங்கள். 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் அது தொடுவுணர்வு. 'ஊறு விளைவித்தான்' என்றால் காயம். அந்த மந்திரமும் தொட்டுத்தான் ஏவப்படுகிறது. இவ்வளவு பொருத்தமான சொல் ஆங்கிலத்திலும் இல்லை.

மறு:
அம்மா, அருமையான சொல். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு 'ஊறு' என்றால் நீர் ஊறுவதுதான். 'காயமந்திரம்' போதும். இன்னொன்று: 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் புண் ஆற்றும் மந்திரம் இவற்றிடம் பலிக்கவே பலிக்காது. அந்தத் தலைகீழ் விதியை நம்பிப் பெயர் வைத்தால் பதிப்பு மாறும்போது பொருந்தாது. பாத்ஃபைண்டர் என்ற இதே போன்ற ஆட்டத்தில் அந்தத் தலைகீழ் விதி அப்படியேதான் இருக்கிறது. புண் ஆற்றும் சக்திக்கும் காயப்படுத்தும் சக்திக்கும் அங்கே இருந்த நேர் ஆற்றல், எதிர் ஆற்றல் என்ற பெயர்களை மட்டும் 2023-இல் மாற்றிவிட்டார்கள். புதுப் பெயர்களை 'உயிர்ப்பு', 'வெறுமை' என்று சொல்லலாம்.

மறு:
எல்லோருக்கும் நன்றி. 'உயிர்ப்பு', 'வெறுமை' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நாளை அச்சுக்குப் போகிறது. எல்லோரும் ஒப்பியதாக எடுத்துக்கொண்டு 'சாவாப் பிணம்' என்றே போடுகிறேன்.

மறு:
நான் ஒப்பவில்லை. உடலே இல்லாத பேயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை எப்படித் தம்பி பிணம் என்பீர்கள்?